உசாத்துணை

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில், கருநாடக மாநிலத்தை அடுத்து விளங்குவது ஓசூர் நகரம். கடல்மட்டத்திற்கு மேல் மூவாயிரம் அடிக்குச் சற்றே குறைந்த உயரத்தில் அஃது அமைந்திருத்தலின், அங்கே வெயிலின் கொடுமை குறைவு. ரோசாவும் காய்கறியும் செழித்து வளரும். முன்னாளில் உழவர்க்கும் சிறு வணிகர்க்கும் உரிய ஊராக இருந்த ஓசூர், 1970-ஆம் ஆண்டுகளில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றிய பின்னர் ஆலைகள் மலிந்த நகரமாயிற்று. லாரிகளும், மோட்டார் சைக்கிள்களும், கைக்கடிகாரங்களும், அவற்றிற்கு வேண்டிய எண்ணற்ற உறுப்புகளும் அங்கே உருவாகின்றன. 2004-ஆம் ஆண்டில் தருமபுரியினின்றும் பிரிந்து தனி மாவட்டமான கிருஷ்ணகிரியில் ஓசூர் மட்டுமன்றிப் பர்கூர், போச்சம்பள்ளி முதலிய பகுதிகளிலும் இன்று ஆலைகள் எழுந்துள்ளன. பிழைப்பை நாடிப் பல மாவட்டத்தாரும் பல மாநிலத்தாரும் அங்கே வந்து குடியேறி உழைக்கின்றனர்.

ஆலைக்கு இரவென்றும் பகலென்றும் வேறுபாடு இல்லை. தொழிலாளர், ‘ஷிப்டு’ என வழங்கும் முறைப்படி, ஒரு கிழமை பகலிலும் மறு கிழமை இரவிலும் பணிக்குச் செல்வர். தந்தை இரவுப் பணிக்குப் புறப்படும் வேளையில் மகன் பாடநூலைத் திறக்கிறான். தாய் பகலெல்லாம் உழைத்த களைப்போடு அடுப்படியில் நிற்கிறாள். நூலிலுள்ள ஒரு கணக்கு அவனுக்கு விளங்கவில்லை. தந்தையைக் கேட்க நேரமில்லை. தாய்க்கு அக்கணக்குத் தெரியாது. ஆசிரியரைக் காண மறுநாள் வரை பொறுத்திருத்தல் வேண்டும். தனி வகுப்புக்குச் செல்லப் பொருள் இல்லை. அவ்வேளையில் அவன் கைக்கு எட்டுவது வீட்டிலுள்ள கைப்பேசி ஒன்றே. அதன் வழியே உடன்பயிலும் தோழர் சிலரிடம் தன் ஐயத்தை எழுதிக் கேட்கிறான். சிறிது நேரத்தில் எங்கிருந்தோ ஒரு மறுமொழி வருகிறது.

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றின் பொருட்டுப் பள்ளிகள் அடைக்கப்பட்டபோது இவ்வழக்கம் வேகமாகப் பரவியது. பள்ளிகள் மீண்டும் திறந்த பின்னரும் அது நின்றுவிடவில்லை. கணக்கிலும் இயற்பியலிலும் எழும் ஐயங்களை மாணவர் ஒருவரையொருவர் இணையத்தின் வழியே கேட்டுத் தெளிதல் இன்று பல ஊர்களிலும் காணப்படும் செயலாகும்.

இச்செயலைப் பெரியோர் இருவகையாக மதிக்கின்றனர். “பிள்ளைகள் விடையைக் கடன் வாங்கி ஏட்டில் எழுதிக்கொள்கின்றனர், மூளைக்கு வேலை இல்லாமற் போகிறது” என்று கடிந்துரைப்பார் ஒரு சாரார். “ஆசிரியர் இல்லாத இடத்திலும் கல்வி நடைபெறுகிறது, இதனினும் நன்மை யாது?” என்று மகிழ்ந்துரைப்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றிலும் உண்மை உண்டு. தோழன் தருவது விடையாயின் முன்னவர் கூற்று மெய்யாகும். தோழன் காட்டுவது வழியாயின் பின்னவர் கூற்று மெய்யாகும். ஆகவே, மாணவர் ஒருவர்க்கொருவர் உதவலாமா என்பதைக் காட்டிலும், எவ்வாறு உதவுதல் வேண்டும் என்பதே ஆராயத்தக்க வினாவாகும்.

இவ்வினாவிற்குத் தமிழ் இலக்கண நூலொன்று பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே விடை கூறியுள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதி, ஆசிரியர் இயல்பையும் மாணவர் இயல்பையும் விரித்துரைப்பது. அங்கே முனிவர் புலமையை நான்கு கூறாகப் பகுத்துக் காட்டுகிறார். ஆசிரியர் சொல்வதை ஒருவன் எத்துணை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் அவனுக்குக் கிடைப்பது காற்பங்கே. உடன்பயில்வாரோடு கூடிப் பழகுவதனால் மற்றொரு காற்பங்கு கிடைக்கும். தான் கற்றதைப் பிறர்க்கு நன்கு எடுத்துரைப்பதனால் எஞ்சிய இரண்டு காற்பங்கும் நிறைவுறும் என்பது அவர் கருத்து.

இக்கணக்கு உற்று நோக்கத்தக்கது. கேட்பவனுக்குக் கிடைக்கும் பயனைக் காட்டிலும் சொல்பவனுக்குக் கிடைக்கும் பயன் மிகுதி என்று முனிவர் கூறுகின்றார். காற்பங்கு ஆசிரியர் தருவது. முக்காற் பங்கு மாணவர் தம்முள் தேடிக்கொள்வது. நன்னூலைச் செய்வித்த சீயகங்கன் கங்கர் மரபினன். அம்மரபினர்க்குத் தொன்மையான தலைநகராக விளங்கிய கோலார், இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்திற்கு அண்மையிலேயே, கருநாடக எல்லைக்குள் உள்ளது. எல்லைப்புறத்து மாணவர்க்கு முனிவர் சொன்ன அறிவுரை, அயலூரிலிருந்து வந்த அறிவுரையன்று எனல் பொருந்தும்.

பிறர்க்கு எடுத்துரைப்பதனால் தன் அறிவு நிறைவுறுதல் எவ்வாறு? ஒன்றைத் தனக்குள் அறிந்திருப்பதாக எண்ணுதல் எளிது; அதனை மற்றொருவர்க்கு விளங்கச் சொல்லுதல் அரிது. சொல்லத் தொடங்கும்போதே தான் அறியாத இடம் எதுவென்று வெளிப்பட்டுவிடும். “இது ஏன்?” என்று தோழன் கேட்கும் ஒரு சொல், தேர்வுத்தாள் முழுவதையும்விடக் கூர்மையானது. வாய்பாடாக மனத்தில் கிடந்தது, அச்சொல்லுக்கு விடை தேடுகையில் காரணத்தோடு கூடிய அறிவாக மாறுகிறது. பொருட்செல்வத்தைக் கொடுத்தால் கொடுத்த அளவு குறையும். கல்வியைக் கொடுத்தாலோ கொடுத்தவனிடத்தில் அது தெளிந்து நிற்கும்.

இனி, ஆசிரியர் இருக்கையில் தோழரை உசாவுதல் எதற்கு என்று வினவலாம். ஆசிரியர் ஒரு பாடத்தைக் கற்றுப் பல்லாண்டுகள் ஆயின. தாம் முதன்முதல் அதனைக் கற்றபோது எக்கல்லில் கால் இடறிற்று என்பதை அவர் மறந்திருத்தல் கூடும். நேற்றுக் கற்ற தோழனுக்கோ அக்கல் கண்முன் நிற்கிறது. ஆய்வுக்கூடத்தில் திருகு அளவியைக் கையாளும் மாணவர், சுழிப்பிழையைக் கூட்டுவதா கழிப்பதா என்று தடுமாறுதல் உண்டு. விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர் மறுவாரமே அதனை மறந்துவிடுவர். அதே இடத்தில் முன்னர்த் தடுமாறித் தெளிந்த ஒரு மாணவி தன் தோழிக்கு இவ்வாறு எழுதலாம்: “இராயக்கோட்டைத் தக்காளிச் சந்தையில் ஒரு தராசு, தட்டில் ஒன்றும் வைக்காதபோதே ஐம்பது கிராம் காட்டுகிறது. அதில் தக்காளியை நிறுத்தால், காட்டும் எடையில் ஐம்பது கிராமைக் கூட்டுவாயா, கழிப்பாயா?” தோழி நகைத்துக்கொண்டே, “கழிப்பேன்” என்பாள். ஒன்றும் இல்லாதபோதே மிகுதியாகக் காட்டும் கருவியின் பிழையைக் கழித்தல் வேண்டும் என்பது அப்போது தானே விளங்கும். வெற்றுத் தட்டில் சுழிக்குக் கீழே காட்டும் தராசாயின் கூட்டுதல் வேண்டும் என்பதும் அதனாலேயே பெறப்படும். அவள் விதியை மறந்தாலும் தராசை மறவாள்.

எல்லைப்புறத்து மாணவர்க்கு இவ்வுதவி வேறொரு வகையாலும் இன்றியமையாதது. ஓசூரிலும், தளியிலும், வேப்பனப்பள்ளியிலும் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் உருதுவும் வழங்குகின்றன. வீட்டில் ஒரு மொழியும், தெருவில் ஒரு மொழியும், பள்ளியில் ஒரு மொழியுமாகப் பயிலும் சிறுவர் பலர். அறிவியற் கலைச்சொற்கள் இவர்களை ஏமாற்றுவதுண்டு. திசையைக் கருதாது எவ்வளவு விரைவு என்று மட்டும் கூறுவது தமிழ்ப் பாடநூலில் ‘வேகம்’ எனப்படும். திசையோடு சேர்த்துக் கூறுவது ‘திசைவேகம்’ எனப்படும். கன்னடப் பாடநூலிலோ முன்னதற்கு ‘ஜவ’ என்று பெயர். பின்னதற்கே ‘வேக’ என்று பெயர். ஒலியால் ஒன்றுபோல் தோன்றும் சொல், அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டியதும் வேறு பொருள் தருகின்றது! கன்னட வழியில் பயின்று தமிழ் வழிக்கு மாறிய மாணவன் ஒருவன், வட்டப்பாதையில் ஒரே வேகத்தில் ஓடும் வண்டியின் திசைவேகம் மாறிக்கொண்டே இருக்கிறது என்னும் பாடத்தில் குழம்பினால், அது மதிக்குறை அன்று, சொல்லின் மயக்கமே. இம்மயக்கத்தை நீக்கவல்லவர், இரு மொழியும் அறிந்து அதே தெருவில் வாழும் தோழரே ஆவர்.

இவ்வாறு கலைச்சொல் தடையாக நிற்பதை முன்னரே உணர்ந்தவர் ஒருவர் ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் 1878-ஆம் ஆண்டில் தோன்றினார். இராசகோபாலாச்சாரியார் என்னும் அப்பெரியார் நாட்டின் தலைமை ஆளுநராக உயர்ந்ததை யாவரும் அறிவர். அவர் 1916-ஆம் ஆண்டிலேயே அன்பர் சிலரோடு கூடித் தமிழ் அறிவியற் சொற்களுக்கென ஒரு சங்கம் நிறுவியதையும், வேதியியல், இயற்பியல், வானியல், கணிதம் முதலிய துறைகளுக்குரிய சொற்களை அச்சங்கம் தமிழில் ஆக்க முயன்றதையும் அறிந்தோர் சிலரே. சொல் விளங்கினால் பொருள் விளங்கும் என்பது அவர்தம் துணிவு. பல அறிஞர் ஒருங்கு கூடிச் செய்த அப்பணியின் சிறு வடிவமே, இரு மாணவர் ஒரு சொல்லின் பொருளை ஆராய்ந்து தெளிதலும்.

உதவும் முறையில் உள்ள வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ‘ஒரு பேருந்து ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்று, அதே வழியே மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பியது, அதன் சராசரி வேகம் யாது?’ என்பது வினா. மாணவன் ஒருவன் நாற்பதையும் அறுபதையும் கூட்டி இரண்டால் வகுத்து, ஐம்பது என்று எழுதுகிறான். நூலின் இறுதியில் உள்ள விடையோ 48. அவன் திகைத்துத் தோழர் இருவரைக் கேட்கிறான்.

முதல் தோழன் ஒரு சூத்திரத்தை எழுதி, “இதில் எண்களை இட்டுப் பார், 48 வரும்” என்கிறான். எண்களை இட்டதும் விடை வந்துவிடுகிறது. கேட்டவன் அமைதியுற்று ஏட்டை மூடுகிறான். தான் எழுதிய ஐம்பது ஏன் தவறாயிற்று என்பது அவனுக்கு இன்னும் தெரியாது. மறுநாள் வினாவைச் சிறிது மாற்றிக் கேட்டால் மீண்டும் கூட்டி இரண்டால் வகுப்பான்.

இரண்டாம் தோழன் விடையைக் கூறவில்லை. “இரண்டு ஊருக்கும் இடையே 120 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள். போவதற்கு எத்தனை மணி ஆகும்? வருவதற்கு எத்தனை மணி?” என்று கேட்கிறான். போவதற்கு மூன்று மணி, வருவதற்கு இரண்டு மணி என்று மாணவன் கண்டறிகிறான். “அப்படியானால் மொத்தம் எத்தனை கிலோமீட்டரை எத்தனை மணியில் கடந்தது?” என்பது அடுத்த வினா. 240 கிலோமீட்டரை ஐந்து மணியில் கடந்தது. 48 என்னும் விடை தானே வந்து நிற்கிறது. தோழன் அத்துடன் விடவில்லை. “பேருந்து எந்த வேகத்தில் நெடுநேரம் ஓடிற்று?” என்று மேலும் கேட்கிறான். மெதுவாகச் சென்றபோதே நெடுநேரம் ஓடியது. ஆதலால் சராசரியும் ஐம்பதினின்று அப்பக்கம் சாய்ந்தது என்று மாணவனுக்குப் பளிச்சென விளங்குகிறது. தொலைவை 120 என்று கொள்ளாது வேறு எந்த அளவாகக் கொண்டாலும் இவ்விடையே வருமா என்று அவன் தானே ஆராயத் தொடங்குகிறான். முதல் தோழன் ஒரு கணக்கைத் தீர்த்தான். இரண்டாம் தோழன் ஒரு மாணவனை எழுப்பினான்.

மாணவர் மாணவர்க்குக் கற்பித்தல் தமிழ்நாட்டில் வழிவழி வந்த முறையாகும். பண்டைத் திண்ணைப் பள்ளிகளில் ஆசிரியர் ஒருவரே இருப்பார்; மூத்த மாணவருள் ஒருவன் சட்டாம்பிள்ளையாக நின்று இளையவர்க்கு எழுத்தும் எண்ணும் பயிற்றுவான். இளஞ்சிறார் மணலில் விரலால் எழுதிப் பழகுவர். 1789-ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் இருந்த ஆதரவற்ற சிறுவர் பள்ளியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர், நாட்டுப்புறப் பள்ளியொன்றில் இம்மணல் எழுத்தைக் கண்டார். தம் பள்ளியில் அதனைப் புகுத்த விரும்பியபோது அங்கிருந்த ஆசிரியர் ஒத்துழைக்கவில்லை. ஆகவே, ஜான் பிரிஸ்கன் என்னும் சிறுவனை அழைத்து, அவனைக் கொண்டே இளைய பிள்ளைகளுக்குப் பயிற்றுவித்தார். முயற்சி வெற்றி பெற்றது. 1797-ஆம் ஆண்டில் அவர் இதனை இங்கிலாந்தில் நூலாக எழுதி வெளியிட்டார். அம்முறை ‘சென்னை முறை’ என்றே பெயர் பெற்றுப் பிற நாடுகளிலும் பரவியது. ஸ்காட்லாந்திலுள்ள செயின்ட் ஆண்ட்ரூசு நகரில் அவர் அளித்த பொருளால் எழுந்த பள்ளி, இன்றளவும் ‘மதராஸ்’ என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எனினும், அம்முறை அங்கே நெடுங்காலம் நிலைபெறவில்லை. செலவு குறைவு என்பது பற்றி, நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் இருத்தி, ஒரே ஆசிரியரின் கீழ் அடுக்கினர். சட்டாம்பிள்ளைகள் தாம் பாடம் செய்ததை ஒப்பித்தனர். இளையோர் அதனைத் திருப்பி ஒப்பித்தனர். வினாவுக்கும் விளக்கத்திற்கும் அங்கே இடமில்லை. ஆதலின், பயிற்சி பெற்ற ஆசிரியர் பெருகப் பெருக அம்முறை மெல்ல மறைந்தது. மாணவர் உதவி ஆசிரியரோடு கூடி நிற்கும்போது சிறக்கும். ஆசிரியர்க்கு மாற்றாக வைக்கப்படும்போது வாடும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை.

தொலைவில் உள்ளவர் ஒருவர்க்கொருவர் கணக்கை விடுத்துக் கற்றதற்கும் தமிழகத்திலேயே சிறந்த சான்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கணிதத்தில் ஆர்வம் மிக்கவர் இந்நாட்டில் ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடந்தனர். அயல்நாட்டு நூல்களையும் இதழ்களையும் தனித்தனியே வாங்க அவர்களிடம் பொருள் இல்லை. இராமசாமி ஐயர் என்னும் அரசு அலுவலரின் முயற்சியால் 1907-ஆம் ஆண்டில் ஒரு கணிதக் கழகம் தோன்றியது. உறுப்பினர் பொருள் திரட்டி நூல்களை வாங்கி, அஞ்சல் வழியே ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்கு அனுப்பிப் படித்தனர். கழகத்தின் இதழில் ஒருவர் வினா விடுப்பார். எங்கோ ஓர் ஊரில் இருப்பவர் விடை எழுதி அனுப்புவார். அது பின்னர் வரும் இதழில் வெளியாகும். இன்று நொடியில் நிகழ்வது அன்று திங்கள் கணக்கில் நிகழ்ந்தது. வேறுபாடு காலத்தில் மட்டுமே.

கும்பகோணத்து இளைஞர் இராமானுசன் உலகறிந்த கணித மேதையாக உயர்ந்ததில் இவ்வுதவிக்குப் பங்கு உண்டு. அவர் பள்ளியில் பயின்றபோது, 1903-ஆம் ஆண்டில், நண்பர் ஒருவர் வாயிலாகக் கார் என்பவர் தொகுத்த கணித நூல் அவர் கைக்குக் கிடைத்தது. ஆயிரக்கணக்கான முடிவுகளை மட்டும் சுருக்கமாக அடுக்கிய நூல் அது. அவற்றிற்குரிய வழிகளைத் தாமே தேடத் தேட அவர் அறிவு விரிந்தது. 1910-ஆம் ஆண்டில் எழுத்தர் வேலை வேண்டித் திருக்கோவிலூரில் இருந்த இராமசாமி ஐயரைக் கண்டார். அவர் இளைஞரின் குறிப்பேட்டைப் பார்த்து வியந்து, அலுவலகத்தில் அவரை முடக்கிவிட மனமின்றி, கணிதம் அறிந்த பெரியோர்க்கு அறிமுகக் கடிதம் தந்து விடுத்தார்.

அடுத்த ஆண்டு, 1911-இல், இராமானுசன் அக்கழகத்தின் இதழில் ஒரு வினாவை விடுத்தார். வர்க்கமூலத்திற்குள் வர்க்கமூலமாக முடிவின்றிச் செல்லும் ஒரு கோவையின் மதிப்பு யாது என்பது அவ்வினா. ஆறு திங்கள் கடந்தும் விடை எழுதி அனுப்புவார் இல்லை. பின்னர் அவரே விடையை வெளியிட்டார். கோவையின் மதிப்பு 3 என்பதே அது. இவ்வளவில் நின்றிருந்தால் படிப்பவர்க்கு என்ன பயன்? அவர் வழியையும் காட்டினார். 3 என்பது 9-இன் வர்க்கமூலம். 9 என்பது 1 + 2 × 4. அந்த 4 என்பது 16-இன் வர்க்கமூலம். 16 என்பது 1 + 3 × 5. அந்த 5 என்பது 25-இன் வர்க்கமூலம். 25 என்பது 1 + 4 × 6. இவ்வாறே முடிவின்றிச் செல்லலாம். பள்ளி மாணவரும் பின்தொடரத்தக்க இவ்வழியில் எத்துணை அழகு பொதிந்துள்ளது! விடை ஓர் எண். வழியோ ஓர் உலகம்.

அண்மைக் காலத்திலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. 2009-ஆம் ஆண்டில் கேம்பிரிட்சுப் பேராசிரியர் திமோத்தி கவர்சு, கடினமான கணிதச் சிக்கல் ஒன்றை இணையத்தில் வைத்து, விரும்பிய எவரும் கருத்துரைக்கலாம் என்றார். புகழ் பெற்ற அறிஞரும் பள்ளி ஆசிரியரும் தமக்குத் தோன்றிய சிறு சிறு எண்ணங்களை வெளிப்படையாக எழுதினர். பிறர் பிழையைத் திருத்தினர். தம் பிழையையும் ஒப்புக்கொண்டனர். சில கிழமைகளில் வழி பிறந்தது. அவ்வாய்வு தனி ஒருவர் பெயரால் அன்றிப் ‘பாலிமத்’ என்னும் பொதுப்பெயரால் வெளியாயிற்று. தெரியாததைத் தெரியாது என்று பலர் முன் கூறுதல் இழுக்கன்று என்பதை அவ்வறிஞர் செயலாற் காட்டினர்.

இனி, இம்முறையின் மேல் சொல்லப்படும் குறைகளையும் நோக்குதல் நேர்மையாகும். நன்கு படிக்கும் மாணவனின் காலம் பிறர்க்கு உதவுவதில் வீணாகிறது என்று பெற்றோர் சிலர் வருந்துவர். நன்னூலார் கணக்கை எண்ணினால் அவ்வருத்தம் நீங்கும். உதவுபவனே பாதிப் பங்கைப் பெறுகின்றான். எனினும் ஒருவன் தோள்மேலேயே எல்லாச் சுமையையும் ஏற்றுதல் தகாது. இன்று கணக்கில் உதவி பெற்றவன் நாளை மொழிப்பாடத்தில் உதவலாம். இன்று கேட்டவன் தான் தெளிந்ததை மற்றொருவர்க்குச் சொல்லலாம். தவறான விளக்கம் பலரிடம் பரவும் என்பது மற்றொரு குறை. அது மெய்யே. ஆதலால் தோழர் கூறியதை நூலோடு ஒப்பிட்டும், ஐயம் எஞ்சினால் ஆசிரியரிடம் காட்டியும் உறுதி செய்தல் வேண்டும்.

வினாவைப் படமெடுத்து அனுப்பினால் விடையையும் படிகளையும் நொடியில் எழுதித் தரும் கணிப்பொறிச் செயலிகள் இன்று வந்துவிட்டன. இனித் தோழர் எதற்கு என்று சிலர் எண்ணலாம். விடை மலிவாகும்போது வழியை உணர்ந்தவனுக்கே மதிப்பு உயரும். பொறி எழுதியதைப் பார்த்து எழுதுபவன், தன் அறியாமை எவ்விடத்தில் உள்ளது என்பதை அறியமாட்டான். எடுத்துரைக்க ஓர் ஆளும், “ஏன்?” என்று கேட்க ஓர் ஆளும் இல்லாத இடத்தில் புலமையின் பாதிப் பங்கு நிரம்பாமலே நின்றுவிடும்.

ஆகவே, கேட்பவர்க்கும் சொல்பவர்க்கும் சில கடமைகள் உண்டு. கேட்பவர் முதலில் தாமே முயன்று பார்த்தல் வேண்டும்; “இக்கணக்கைச் செய்து தா” என்னாது, “இதுவரை வந்தேன்; இவ்விடத்தில் நின்றேன்” என்று தாம் செய்த பகுதியையும் காட்டிக் கேட்டல் வேண்டும். வழி விளங்கிய பின் அதனைப் பாராமல் மீண்டும் ஒருமுறை செய்து பார்த்தல் வேண்டும். சொல்பவர், முழுவதையும் எழுதிவிடாமல் அடுத்த படியை மட்டும் காட்டுதல் வேண்டும். அறியாத தோழரை எள்ளுதல் ஆகாது. தமக்கும் தெரியாதாயின் அதனை ஒளிக்காது கூறி, இருவரும் சேர்ந்து தேடுதல் வேண்டும். ஏளனத்திற்கு அஞ்சி ஒரு மாணவன் கேளாது விட்ட வினா, அவன் கல்வியையே நிறுத்திவிடுதலும் கூடும்.

இங்கு மறத்தலாகாத மற்றொன்றும் உண்டு. எல்லா வீட்டிலும் கைப்பேசி இல்லை. இருக்கும் வீட்டிலும் தந்தை பணிக்குச் செல்லும்போது அதுவும் உடன் சென்றுவிடும். எஞ்சிய ஒன்று அண்ணன் கையில் இருக்கும். தங்கை அடுப்படியில் தாய்க்குத் துணையாக நிற்பாள். கணக்கில் அவளுக்கும் ஐயம் உண்டு. கேட்பதற்கு வழிதான் இல்லை. இணையத்தில் நூறு பேருக்கு விடை எழுதும் மாணவன், தன் வீட்டில் நிற்கும் தங்கையின் ஐயத்தைக் கேளாதிருப்பானாயின் அவன் உதவி நிறைவுடையதாகாது. கைப்பேசி எட்டாத தோழர்க்கு, மறுநாட் காலையில் பள்ளி மரத்தடியில் பத்து நிமிடம் அமர்ந்து சொல்லுதலும் அதே அறமாகும்.

உற்றுழி உடனிருந்து கலந்து ஆராய்வாரை ‘உசாத்துணை’ என்று தமிழ் வழங்கும். உசாவுதற்குரிய துணை என்பது அதன் பொருள். கைக்கடிகாரத்தினுள் சிறு சக்கரங்கள் பல உள்ளன. ஒன்றன் பல் மற்றொன்றன் பல்லைத் தொட்டுத் தள்ள, அது அடுத்ததைத் தள்ள, முள் காலத்தைக் காட்டுகிறது. ஒரு சக்கரம் மற்றொன்றின் வேலையைத் தானே செய்துவிடுவதில்லை. அது சுழலுமாறு தொட்டுவிடுவதோடு அமைகின்றது. மாணவர் ஒருவர்க்கொருவர் செய்யும் உதவியும் அவ்வாறே அமைதல் வேண்டும். இரவுப் பணிக்குச் சென்ற தந்தை விடியற்காலையில் வீடு திரும்புகையில், மகன் பிறர் விடையை எழுதிய ஏட்டோடு அன்றித் தான் தெளிந்த அறிவோடு நிற்பானாயின், அத்தந்தையின் உழைப்புக்கு அதனினும் சிறந்த கைம்மாறு வேறில்லை.